எழுபதிலும் வில்லி!

ரோலர் டெர்பி களத்தில் 1948-ல் கால் வைத்தார். 2000-ம் ஆண்டு பிறந்தபோதும் அவர் காலில் சக்கரம் இருந்தது. அமெரிக்க ரசிகர்கள் வாய் வலிக்க ஏசிய, ஏசியபடியே நேசித்த ஆன் கால்வெல்லோவின் கதை இது.

சான்ஃபிரான்சிஸ்கோவின் கெஸார் பவிலியன் அரங்கில் 1960-களில் ரோலர் டெர்பி நடக்கும் இரவுகளில் ஒரு சடங்கு தவறாமல் நடக்கும். உள்ளூர் அணியான 'பே பாம்பர்ஸ்' பெயரைச் சொன்னதும் கைதட்டல் கூரையைப் பிய்க்கும். எதிரணியின் முறை வரும். முதுகில் வெயில் சுட்ட கறுப்பு, விரல் நிறைய மோதிரம், புள்ளிபுள்ளியாகச் சாயம் பூசிய தலைமுடி என ஒரு பெண் சுழன்றபடி தளத்துக்குள் நுழைவார். அவ்வளவுதான். பாட்டிமார்கள்கூட இருக்கையை விட்டு எழுந்து சாபம் கொடுப்பார்கள். அந்தப் பெண் முகத்தைச் சுளித்து, கையை ஆட்டி, 'இன்னும் கத்துங்கள்' என்பதுபோல ரசிகர்களைச் சீண்டிவிட்டுப் போவார்.

அவர்தான் ஆன் கால்வெல்லோ. 'சக்கரக் காலின் மகா கொடுமைக்காரி', 'டெர்பியின் பேய்', 'வாழைப்பழ மூக்கு' என்று பட்டப்பெயர்கள் அவருக்கு ஏராளம். அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் ஒரு பெண்ணை இத்தனை பேர் இத்தனை காலம் சேர்ந்து திட்டியதில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். அதைவிட ஆச்சரியம், அவர் ஆடிய காலம். நாற்பதுகள் தொடங்கி இரண்டாயிரம் வரை, ஏழு வெவ்வேறு பத்தாண்டுகளில் அவர் களத்தில் இருந்தார். உடலோடு உடல் மோதும் ஓர் ஆட்டத்தில் இது நம்ப முடியாத கணக்கு. கிரிக்கெட்டில் நாற்பது வயதில் ஆடினாலே தலைப்புச் செய்தி போடுகிறோம்!

எப்படிச் சாத்தியமானது? உடல் வலு ஒரு காரணம். பிடிவாதம் இன்னொரு காரணம். மூன்றாவதாக, அதிகம் பேசப்படாத ஒரு காரணமும் உண்டு. அவர் வில்லி. கதாநாயகிக்கு வயதாகக் கூடாது என்று எதிர்பார்க்கிற உலகம், வில்லிக்கு அந்த நிபந்தனை எதையும் போடுவதில்லை.

இது என்ன ஆட்டம்?

ரோலர் டெர்பியைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லக் கபடி போதும். கபடியில் ரெய்டர் எதிரணிக்குள் புகுந்து புள்ளி எடுத்துத் திரும்ப வேண்டும். டெர்பியில் அந்த வேலையைச் செய்பவர் 'ஜாமர்'. வட்டப் பாதையில் இரண்டு அணியும் ஒரே திசையில் சக்கரக் காலணியோடு ஓடிக்கொண்டே இருக்கும். ஜாமர், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, ஒரு சுற்றுப் போய், பின்னாலிருந்து மறுபடி அந்தக் கூட்டத்துக்குள் நுழைவார். இந்த முறை எதிரணியினர் எத்தனை பேரைத் தாண்டுகிறாரோ அத்தனை புள்ளி. அவரைத் தாண்டவிடாமல் தோளாலும் இடுப்பாலும் இடித்துத் தள்ளுபவர்கள் 'பிளாக்கர்'கள். முன்னணியில் இருக்கும் ஜாமர், எதிரி ஜாமர் புள்ளி எடுப்பதற்குள் இடுப்பில் கை வைத்தால் அந்த 'ஜாம்' முடிந்தது. புள்ளி எடுப்பது மட்டுமல்ல, எப்போது நிறுத்துவது என்று தெரிவதும் ஜாமரின் சாமர்த்தியம்.

கால்வெல்லோ காலத்தில் இதைத் தட்டையான தரையில் ஆடவில்லை. பலகையால் அடித்த, வெளிப்புறம் உயர்ந்து உள்புறம் சரிந்த தளம் அது. பகுதி பகுதியாகக் கழற்றி லாரியில் ஏற்றலாம். ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பூட்டலாம். சுற்றிலும் கைப்பிடிக் கம்பி. சரிவின் மேலிருந்து கீழே பாய்ந்து வருபவர் இடித்தால், இடிபட்டவர் கம்பியைத் தாண்டி ரசிகர்களின் மடியில் போய் விழுவது சாதாரணம்.

ஓர் ஆட்டத்துக்கு எட்டுப் பகுதிகள், ஒவ்வொன்றும் 12 நிமிடம். ஒரு பகுதி பெண்கள் ஆடினால் அடுத்த பகுதி ஆண்கள். இருவருக்கும் ஒரே தளம், ஒரே விதி. இரு தரப்பும் எடுத்த புள்ளிகளைக் கூட்டித்தான் வெற்றி தோல்வி. அதாவது, அணியின் தலைவிதியில் பாதி பெண்கள் கையில்.

இதன் அருமை புரிய அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். 'பெண் உடம்பு தாங்காது' என்று சொல்லி அந்தப் போட்டியையே நீக்கிவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான். பாஸ்டன் மாரத்தானில் பெண்களை அதிகாரபூர்வமாக அனுமதித்தது 1972-ல். இந்த இடைவெளியின் பெரும்பகுதியில் டெர்பிப் பெண்கள் ஆண்கள் ஆடிய அதே தளத்தில், அதே நிமிடக் கணக்கில் இடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பஞ்ச காலத்தில் பிறந்த ஆட்டம்

ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் லியோ செல்ட்சர். பொருளாதார மந்தத்தில் அமெரிக்கா தத்தளித்த 1930-களில், ஜனங்களுக்கு மலிவாக வேடிக்கை காட்டிப் பிழைத்த அமைப்பாளர். நாள்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும் 'வாக்கத்தான்' போட்டிகளை நடத்தியவர். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வயதில் ரோலர் ஸ்கேட்டிங் செய்திருக்கிறார்கள் என்று எங்கோ படித்தார். பொறி தட்டியது.

1935 ஆகஸ்ட் 13-ம் தேதி சிகாகோ கொலிசியத்தில் முதல் போட்டி. ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக 25 ஜோடிகள். இலக்கு 57,000 சுற்றுகள், சுமார் 3,000 மைல். மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை அமெரிக்காவைக் கடக்கும் தூரத்தை ஒரு கூரையின் கீழ் சுற்றியே முடிக்க வேண்டும். ஆண் ஓய்வெடுக்கும்போது பெண் ஓடுவார், பெண் ஓய்வெடுக்கும்போது ஆண். கடைசிவரை தாக்குப்பிடித்தவை 9 ஜோடிகள் மட்டுமே.

ஆரம்பத்தில் இதில் இடி, தள்ளு எதுவும் கிடையாது. முந்தும்போது ஸ்கேட்டர்கள் தற்செயலாக மோதி விழுந்தால் கூட்டம் ஆர்ப்பரித்தது. 1930-களின் பிற்பகுதியில் மயாமியில் ஆட்டம் பார்த்த பத்திரிகையாளரும் கதாசிரியருமான டேமன் ரன்யன், 'அந்த மோதலையே ஆட்டமாக்குங்கள்' என்று செல்ட்சரிடம் சொன்னார். புள்ளிக் கணக்கு, ஜாமர், பிளாக்கர் எல்லாம் அப்புறம் வந்தவை.

நடுவில் ஒரு பெரும் துக்கமும் நடந்தது. 1937 மார்ச்சில், இல்லினாய் மாநிலம் சேலம் நகருக்கு அருகே டெர்பிக் குழுவினர் சென்ற பேருந்து விபத்துக்குள்ளானது. குழுவில் பெரும்பகுதியினர் இறந்துபோனார்கள். அவர்கள் நினைவாக, 1 என்ற எண்ணை அதற்குப் பிறகு எந்த ஆட்டக்காரருக்கும் கொடுக்கவில்லை.

1948 நவம்பரில் நியூயார்க்கில் டெர்பி தொலைக்காட்சிக்கு வந்தது. வீட்டுக்கு வீடு டிவி நுழைந்துகொண்டிருந்த நேரம். முதல் ஒளிபரப்பின்போது அரங்கில் ஈ ஓட்டினார்கள். சில நாட்களிலேயே வாசலில் வரிசை நீண்டது. 'டஃபி' பிரேசன், ஜெர்ரி முர்ரே என்ற இரண்டு வீராங்கனைகளின் மோதலைப் பார்க்க ஜனம் முண்டியடித்தது. 1949-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனையே டெர்பி நிரப்பியது.

அந்த 1948-ல்தான், பதினெட்டு வயது கால்வெல்லோவும் டெர்பியில் சேர்ந்தார்.

மூக்கும் முடியும்

1929 ஆகஸ்ட் 1-ம் தேதி, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தவர் ஆன். வளர்ந்தது சான்ஃபிரான்சிஸ்கோவில். ஆகஸ்டில் பிறந்ததால் சிம்ம ராசி. அந்த ராசியை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சிங்க மோதிரம், சிங்கப் பச்சை என்று உடம்பையே ராசிபலன் பக்கமாக்கிக்கொண்டார்.

ஒரு பெண் தலைமுடிக்கு நிறம் அடிப்பதே பேச்சாகும் காலத்தில் ஊதா, இளஞ்சிவப்பு, பச்சை, புள்ளி எனத் தினம் ஒரு தலையோடு வந்தார். 'பங்க்' நாகரிகம் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. ரசிகர்கள் அவரை வெறுக்க ஒரு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. தலையைப் பார்த்தாலே போதும்.

மூக்கு தனிக் கதை. ஆட்ட வாழ்க்கையில் அது ஒரு டஜன் தடவை உடைந்ததாகச் சொல்வார்கள். 'வாழைப்பழ மூக்கு' என்று அரங்கமே கேலி செய்தது. வேறொருவராக இருந்தால் அறுவை சிகிச்சைக்கு ஓடியிருப்பார். ஆன் அந்தப் பெயரையே தனக்கு விளம்பரமாக்கிக்கொண்டார். கேலி செய்ய ரசிகர் டிக்கெட் வாங்கித்தானே வர வேண்டும்?

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். எல்லாமே நாடகம்தானா?

பாதிக்குப் பாதி என்பதுதான் நேர்மையான பதில். அன்றைய ரோலர் டெர்பி அணிகள் எல்லாம் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். யார் உள்ளூர் நாயகன், யார் வெளியூர் வில்லன் என்பதை நிறுவனம்தான் முடிவு செய்தது. சண்டைகள் பல மிகைப்படுத்தப்பட்டவை. அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகைகள் டெர்பியை மல்யுத்தக் காட்சிகளோடு சேர்த்து ஒதுக்கியதற்கு இதுவே காரணம். ஆனால், சரிவான பலகைத் தளத்தில் ஓடும் வேகம் நிஜம். விழுவது நிஜம். உடைந்த மூக்கும் நிஜம். வாரத்தில் பல நாள் ஊர் ஊராகக் காரில் போய், இறங்கி, ஆடி, அடுத்த ஊருக்குக் கிளம்பிய வாழ்க்கையில் ஒப்பனை எதுவும் இல்லை.

அந்த வாழ்க்கைக்கு நடுவே அவர் ஒரு மகளுக்குத் தாயாகவும் இருந்தார்.

பொன்னிற நாயகி, புள்ளிமுடி வில்லி

வில்லி என்றால் நாயகி ஒருவர் வேண்டுமே? அவர் ஜோன் வெஸ்டன். ரசிகர்களுக்கு 'ஜோனி'. கால்வெல்லோவைவிட ஐந்தரை வயது இளையவர். உயரமானவர், பொன்னிற முடிக்காரர். கத்தோலிக்கக் கன்னியர் பள்ளியில் வளர்ந்தவர். கன்னிகாஸ்திரீ ஆகலாமா என்றுகூட ஒரு காலத்தில் யோசித்தவர். கல்லூரி சாஃப்ட்பால் ஆட்டம் ஒன்றில் எட்டு ஹோம் ரன் அடித்ததாகப் பெயர் பெற்றவர். விளம்பரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்குமா? ஒரு பக்கம் தேவதை, மறு பக்கம் பேய்.

இந்த ஜோடியை நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தவர் லியோவின் மகன் ஜெரி செல்ட்சர். 1950-களின் இறுதியில் அப்பாவின் தொழில் படுத்துக்கிடந்தபோது பொறுப்பேற்றவர். ஓக்லண்டின் கேடிவியு தொலைக்காட்சியில் ஆட்டங்களைப் பதிவு செய்தார். அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த வீடியோ டேப்பில் பிரதி எடுத்து, நூறுக்கும் மேற்பட்ட டிவி நிலையங்களுக்கு அனுப்பினார். எந்த ஊரிலிருந்து ரசிகர் கடிதம் அதிகம் வருகிறதோ, அந்த ஊருக்கு லாரியில் தளத்தை ஏற்றிக்கொண்டு நேரில் போனார். டிவி வில்லியை நேரில் திட்ட ஆசைப்பட்டு ஜனம் குவிந்தது. ஃபிராங்க் டிஃபோர்ட் போன்ற முன்னணி விளையாட்டு எழுத்தாளர் டெர்பியைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1972-ல் ராக்கெல் வெல்ச் நடித்த 'கான்சஸ் சிட்டி பாம்பர்' படம் வந்தது. அதே ஆண்டு சிகாகோவின் காமிஸ்கி பார்க்கில் ஓர் ஆட்டத்தைப் பார்க்க 50,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

கால்வெல்லோவுக்கு அப்போது வயது 43. சக வீராங்கனைகளில் பலர் அவர் ஆடத் தொடங்கிய பிறகு பிறந்தவர்கள்.

இங்கேதான் வில்லி வேடத்தின் சூட்சுமம். நாயகிக்கு ஒவ்வொரு பிறந்த நாளும் ஒரு கழித்தல். 'முன்புபோல் இல்லையே' என்று ரசிகர் உதட்டைப் பிதுக்குவார். வில்லிக்கு அதுவே கூட்டல். முகத்தில் ஒரு சுருக்கம் கூடினால் பார்க்கப் பயமும் கூடும். நாற்பது வயதுக்காரி இருபது வயதுப் பெண்ணை இடித்துத் தள்ளினால், 'இந்தக் கிழவிக்கு என்ன திமிர்!' என்று அரங்கம் இன்னும் பலமாகக் கத்தும். அந்தக் கூச்சல்தான் அவருக்குச் சம்பளம். அழகாக இருக்க வேண்டும், இளமையாகத் தெரிய வேண்டும், எல்லோருக்கும் பிடித்தவளாக நடக்க வேண்டும் என்ற மூன்று சுமைகளையும் முதல் நாளே இறக்கி வைத்துவிட்டவருக்கு, நிறுத்தச் சொல்லும் கண்ணாடி எங்கே இருக்கிறது?

கம்பெனி மூடிய பிறகு

1973 இறுதியில் எல்லாம் நின்றது. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் அமெரிக்காவில் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. ஊர் ஊராகப் பயணம் செய்தே வாழும் ஒரு தொழிலுக்கு இது மரண அடி. விலைவாசியும் சேர்ந்துகொள்ள, ஜெரி செல்ட்சர் கடையை மூடினார். ஒரே நிறுவனம், ஒரே முதலாளி என்பதால், அன்றைய நட்சத்திரங்களும் வேலை இழந்தார்கள்.

இருபத்தைந்து ஆண்டு ஆடிய ஒருவர் 'போதும்' என்று சொல்ல இதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. கால்வெல்லோ சொல்லவில்லை. அடுத்த கால் நூற்றாண்டில் டெர்பி செத்துச் செத்துப் பிழைத்தது. 1977-ல் பழைய ஆட்டக்காரர்களைக் கொண்டு இன்டர்நேஷனல் ரோலர் ஸ்கேட்டிங் லீக் தொடங்கி, பாம்பர்ஸ் அணிக்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். 1980-களில் அதுவும் ஓய்ந்தது. 1989-ல் 'ரோலர்கேம்ஸ்', 1999-ல் 'ரோலர்ஜாம்' என்று டிவிக்காகவே உருவாக்கிய புது வடிவங்கள் வந்து போயின. எங்காவது ஒரு தளம் பூட்டப்படுகிறது என்று தெரிந்தால், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஆன் ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இடைப்பட்ட நேரத்தில்? சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தார். வாடிக்கையாளர்கள் வாங்கிய மளிகைச் சாமான்களைப் பையில் போட்டுக்கொடுக்கும் வேலை. ஒரு காலத்தில் நூறு டிவி நிலையங்களில் ஓடிய முகம், பில் போடும் கவுன்ட்டர் ஓரத்தில் நின்றது. 2001-ல் வெளியான 'டீமன் ஆஃப் தி டெர்பி' என்ற ஆவணப்படம் இந்த வாழ்க்கையையும் சேர்த்தே பதிவு செய்தது. ஷேரன் ரட்டர் இயக்கிய அந்தப் படத்தில் வருபவர் பரிதாபத்துக்குரிய முன்னாள் நட்சத்திரம் அல்ல. தலைமுடி அப்போதும் கலர்தான். வாய் அப்போதும் நீளம்தான்.

இந்த வாழ்க்கையை 'வயது வெறும் எண்' என்ற போஸ்டர் வாசகமாகச் சுருக்கினால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். ஐம்பது ஆண்டு உழைப்பு முடிந்து எழுபது வயதில் ஒருவர் பை கட்டிக்கொண்டிருக்கிறார் என்றால், அதில் மனவுறுதி எவ்வளவோ, தேவையும் அவ்வளவு. அவர் நிறுத்த மறுத்தார் என்பது உண்மை. நிறுத்தினால் தாங்கிப் பிடிக்க அந்தத் தொழில் எதையும் கட்டி வைக்கவில்லை என்பதும் உண்மை.

வெஸ்டனின் முடிவு வேறுவிதம். பிற்காலத்தில் இளையவர்களுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்தார். மூளையைத் தாக்கும் அபூர்வ நோயான க்ரூட்ஸ்ஃபெல்ட் ஜேக்கப் நோய், 1997-ல் அவர் உயிரைப் பறித்தது. வயது 62. நாயகி போனார். வில்லி அதற்குப் பிறகும் ஸ்கேட்டைக் கழற்றவில்லை.

உடம்பு என்ன சொல்கிறது?

'எழுபதில் இடிபடுவது ஆபத்து இல்லையா?' ஆபத்துதான். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களின் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. இளம் வயதில் சிராய்ப்போடு போகிற விழுதல், முதுமையில் இடுப்பு எலும்பு முறிவாகலாம். அதனால், யாரும் கால்வெல்லோவைப் பார்த்து எழுபதில் பலகைத் தளம் ஏற வேண்டியதில்லை.

இதன் மறுபக்கத்தையும் மருத்துவம் அதே அழுத்தத்தோடு சொல்கிறது. எலும்பும் தசையும் சுமை கொடுத்தால்தான் வலுவாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் அதுதான். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடல் உழைப்பு செய்ய வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது, உடல் சமநிலையையும் தசை வலுவையும் வளர்க்கும் பயிற்சிகள் வேண்டும். கீழே விழாமல் இருக்கக் கற்றுக்கொள்வதே முதுமையின் பெரிய பாதுகாப்பு.

ஸ்கேட்டர் வாழ்நாள் முழுக்கச் செய்வது அதைத்தான். முழங்காலை மடக்கி, உடலின் எடையைத் தாழ்த்தி, ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றுகிறார். அதைவிட முக்கியமாக, எப்படி விழுவது என்பதையும் பழகுகிறார். டெர்பியில் புதிதாகச் சேர்பவருக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தருவது, கையை ஊன்றாமல் முழங்கால் கவசத்தின் மேல் சறுக்கி விழுவதைத்தான்.

பேத்திகள் மாற்றிய ஆட்டம்

2001-ல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் சில பெண்கள் கூடி டெர்பியை மறுபடி ஆரம்பித்தார்கள். சரிவுத் தளம் செய்யக் கையில் காசு இல்லை. எனவே அவர்களில் ஒரு பிரிவான 'டெக்சாஸ் ரோலர்கேர்ல்ஸ்' தட்டைத் தரையிலேயே ஆடியது. அதுவே ஆட்டத்தைக் காப்பாற்றியது. பள்ளி ஜிம், கார் நிறுத்துமிடம், பழைய கிடங்கு எங்கும் டேப்பும் கயிறும் வைத்துத் தளம் வரையலாம் என்றானதும் ஊருக்கு ஊர் அணி முளைத்தது. 2004-ல் அணிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கின. அதுவே பின்னர் டபிள்யூ.எஃப்.டி.டி.ஏ. எனும் பெண்கள் தட்டைத்தள டெர்பி சங்கமானது. இன்று உலகெங்கும் நூற்றுக்கணக்கான லீக்குகள் அதில் உறுப்பினர்கள். முதல் உலகக் கோப்பை 2011-ல் கனடாவின் டொரன்டோவில் நடந்தது.

புதிய ஆட்டத்தில் நாடகம் இல்லை. முப்பது நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள், ஜாம் ஒன்றுக்கு அதிகபட்சம் இரண்டு நிமிடம். முழங்கையால் இடித்தால் பெனால்ட்டி பாக்ஸ். ஹெல்மெட், பல் கவசம், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் கவசங்கள் கட்டாயம். பகலில் நர்ஸாகவும் ஆசிரியராகவும் அலுவலக ஊழியராகவும் இருப்பவர்கள், இரவில் குறும்பான புனைபெயரோடு களமிறங்குகிறார்கள். முப்பது வயதில் முதல் முறையாக ஸ்கேட் மாட்டியவர்கள், குழந்தை பெற்றுத் திரும்பி வந்தவர்கள், நாற்பது ஐம்பதிலும் ஆடுபவர்கள் என எல்லா வயதும் அங்கே உண்டு. ஆட முடியாத நாள் வந்தால் நடுவராக, பயிற்சியாளராக, நேரம் குறிப்பவராக அதே தளத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள்.

கால்வெல்லோ காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் உரிமையில்தான். சங்கத்தை நடத்துவது ஆட்டக்காரர்களே. விதி எழுதுவதும் ஓட்டுப் போடுவதும் அவர்களே. இங்கே சம்பளம் கிடையாது. பெரும்பாலான லீக்குகளில் ஆடுபவர்களே மாதச் சந்தா கட்டுகிறார்கள். அன்று கூலி இருந்தது, குரல் இல்லை. இன்று குரல் இருக்கிறது, கூலி இல்லை. இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் டெர்பி இன்னும் பிறக்கவில்லை.

இந்த மறுமலர்ச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கால்வெல்லோ போனார். கல்லீரல் புற்றுநோயால் 2006 மார்ச் 14-ம் தேதி இறந்தபோது அவருக்கு வயது 76. புதிய தலைமுறை ஸ்கேட்டர்கள் அவரைத் தங்கள் மூதாதையாகவே கொண்டாடுகிறார்கள்.

வயதான வீராங்கனை ஒருவர் விலக மறுத்தால் நாம் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். 'அடுத்தவருக்கு வழிவிடக் கூடாதா?' என்று முணுமுணுக்கிறோம், அல்லது 'என்ன ஒரு மன உறுதி!' என்று மெச்சிவிட்டு நகர்கிறோம். கால்வெல்லோவின் கதை மூன்றாவதாக ஒன்றைக் கேட்கச் சொல்கிறது. இத்தனை ஆண்டு ஆடியவருக்கு இந்த ஆட்டம் திருப்பிக் கொடுத்தது என்ன? அடுத்த முறை நாற்பதைத் தாண்டிய ஒரு வீராங்கனைக்கு, அது எந்த ஆட்டமாக இருந்தாலும், கைதட்டும்போது அவருடைய சம்பளம், காப்பீடு, ஆட்டத்துக்குப் பிந்தைய வேலை பற்றியும் விசாரியுங்கள். விளையாட்டுச் சங்கங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.